முப்பத்தொரு மைல்

ஊரிலுள்ள கார்களெல்லாம்
உடம்பை எதிர்முனையாக வைத்திருக்க,
ஐம்பத்தொன்பதில் பிறந்த இந்த மாரிஸ் மைனர்
மாற்றி யோசிக்கிறது.
தகரம் முழுக்க நேர்முனை.
தெரியாமல் ஒரு ரேடியோவை மாட்டினால்
பாட்டு வராது, புகைதான் வரும்.

நைரி மக்காஸ்கில்
சாவியை என் மேசையில் வைத்தாள்.
கை முட்டி வரை மாவு.
ஒரு துளைகூடப் போடக் கூடாது.
முன்பலகை இருக்கிறபடி இருக்கணும்.
ஆனா, நான் பாடுறது எனக்குக் கேட்கணும்.

டனீடனில் ஒரு பாடகர் குழு;
பதினொரு வருடமாக அதில் அவள் நடுக்குரல்.
மேலே பறக்கிறவர்களுக்கும்
அடியில் உறுமுகிறவர்களுக்கும் நடுவே
பட்டும் படாமலும் ஓடுகிற வரிசை.
செவ்வாய்தோறும் ஒத்திகையைப் பதிவு செய்து
அதிகாலை ரொட்டிக் கடைக்குப் போகும் வழியில் போட்டால்
தன்னைத் தவிர எல்லாரும் கேட்கிறார்களாம்.

பேட்டரியைத் திருப்பி வைத்தேன்.
டைனமோவுக்குப் புதுத் திசை சொல்ல
வயர் நுனியை ஒரு நொடி தொட்டு எடுத்தேன்.
நீலப் பொறி.
அறுபது வருடப் பிடிவாதம் அவ்வளவில் போயிற்று.
என் மைத்துனனுக்கும் அப்படியொரு முனை
எங்காவது இருக்கும், தேட வேண்டும்.

டைனமோ தருவது இருபத்திரண்டு ஆம்பியர்.
மழையில் வைப்பர், விளக்கு, விசிறி போக
மிச்சம் சொற்பம்.
டனீடனில் எப்போது மழை இல்லை?
எனவே சின்ன ஆம்ப்ளிஃபயர்,
வலப்பக்கக் கையுறைப் பெட்டிக்குள்,
பழைய வரைபடத்துக்கு அடியில்.
ஸ்பீக்கர் இரண்டும் பலகைக்குக் கீழே
கால்மாட்டில், முழங்காலைப் பார்த்தபடி.
பின்னிருக்கைக்கடியில் ஒரு மரப்பெட்டி.
துளை ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு அந்தக் கீச்சு.
எஞ்சின் ஏற ஏற அதுவும் ஏறும்,
பாட்டுக்குள் கொசு மாதிரி.
மூன்று நாள்.
ஒவ்வொரு வயராகத் தூக்கி,
பிரித்து, முறுக்கி, தள்ளி ஓட்டி,
கடைசியில் கதவுக்கும் தரைக்கும்
தார்ப்பட்டை, அதன்மேல் கம்பளி
என்று போர்த்தி விட்டேன்.
கதவைச் சாத்தினால்
அலமாரிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நைரி வந்தாள், கேட்டாள்.
நாற்பது பேருக்கு நடுவில்
ஒரு மூச்சு இழுக்கும் ஓசை.
நான்தான், என்றாள்.
இரண்டாவது வரியில் தாமதமாக நுழைகிறேன்,
ஒருத்தரும் சொல்லவே இல்லையே.

வியாழன் காலை திரும்பி வந்தாள், கோபமாக.
துறைமுகம் வரைக்கும் இரண்டாம் கியரிலேயே போனேன்.
மேட்டில் வண்டி நின்றுவிட்டது.
எஞ்சின் சொல்வது காதில் விழவில்லை,
எப்போது மாற்றுவது?

யானை வந்திருக்கிறது,
மணியோசையைத்தான் நான் கழற்றி வைத்துவிட்டேன்.

கம்பளியை உரிக்க மனம் வரவில்லை, எனக்கும் அவளுக்கும்.
கார்புரேட்டர் பக்கத்தில்
கொட்டைப் பாக்களவு ஒரு மைக் கட்டினேன்.
அதன் வயர் ஆம்ப்ளிஃபயரில் மூன்றாவது வாசலுக்கு.
திருகினால் எஞ்சின் கூடும், திருகினால் குறையும்.
விரட்டிய சத்தத்துக்கே வாடகை வீடு.
ரசீதில் எப்படி எழுதுவது?
சத்தம் நீக்கியதற்கு இவ்வளவு.
சத்தம் சேர்த்ததற்கு இவ்வளவு.
அவள் இரண்டையும் படித்துவிட்டு
இரண்டுக்கும் கொடுத்தாள், தள்ளுபடி கேட்காமல்.

அடுத்த வாரம் ஒரு தொலைபேசி.
நான்காம் கியரில், முப்பத்தொரு மைல் வேகத்தில்
எஞ்சின் எங்கள் வரிசையில் சேர்கிறது.
முப்பதில் கொஞ்சம் இறங்கியிருக்கு.
முப்பத்திரண்டில் மேல்குரல்காரிகளோடு போய்விடுகிறது.

அதனால்தான்
இப்போதெல்லாம் விடியலில்
போர்ட் சால்மர்ஸ் சாலையில்
சாம்பல் நிற மைனர் ஒன்று
கூட்டாமல் குறைக்காமல் முப்பத்தொன்றில் போக,
பின்னால் ஏழெட்டு மரலாரிகள்,
ஆளுக்கொரு சுருதியில்
ஹார்ன் அடித்துக்கொண்டு.